சுக்குவுக்குப் பிடித்த கை

படப்பை,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மதிவதனிக்கு உன் அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பை நன்றாக வைத்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், தம்பி இனியவன் நலம், நீ விட்டுப்போன உன் பூனை சுக்குவும் நலம். தினம் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. போனில் நான் பாதி சொல்வதற்குள் “சரிம்மா, புரிஞ்சுது, மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிடுகிறாய். இதை நீ முழுசாகக் கேட்டாக வேண்டும். உன் சிநேகிதி சுகப்பிரியா டிரெயினிங்குக்காக வெள்ளிக்கிழமை புனே வருகிறாள் அல்லவா, அவளிடம் முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கைக் காலி செய்துவிட்டுக் கடிதத்தை அப்புறம் பார்க்கலாம் என்று வைக்காதே.

இங்கே மழை ஒருவழியாக விட்டது. நம் தெருவில் மட்டும் தண்ணீர் வடியவில்லை, புது மனைக்காரர்கள் மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொண்டார்கள், பள்ளம் நமக்கு வந்துவிட்டது. ஷேர் ஆட்டோக்காரன் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறான், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வர வேண்டியிருக்கிறது. இனியவனை மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் அப்ரெண்டிஸாகச் சேர்த்துக்கொண்டார்கள், சேர்ந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் சேஃப்டி ஷூ, சூப்பர்வைசர், இதே பேச்சு, சமையலறையில் நான் செருப்பில்லாமல் நிற்பதுகூட அவனுக்குக் குற்றமாகத் தெரிகிறது. மாடியில் குடியிருக்கும் கொம்பையாவுக்கு இந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். பகலில் தூங்குகிற பிள்ளை என்று நானும் மிக்ஸியை அளவாகத்தான் போடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு லீவு கிடைக்காமல் நீ வீடியோவில் பேசினாய், நினைவிருக்கிறதா. உனக்குச் சுக்குவைக் காட்டலாம் என்று அப்பா ஆசையாகக் கையை நீட்ட, அது முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. நீ உடனே, “அதுக்கு நீங்க தொடறதே பிடிக்கலம்மா, வேற வழியில்லாம பொறுத்துக்கிட்டு இருக்கு, பாவம். இங்க ஹவுஸ் ஓனர் பூனை வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க, பொங்கலுக்கு வந்து நானே கூட்டிட்டுப் போயிடறேன்” என்றாய். ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “சரிம்மா, வந்து இட்டுக்கினு போ” என்று சொல்லிவிட்டு மோட்டார் போடுகிறேன் என்று வெளியே போனார். தொட்டி ஏற்கெனவே நிரம்பி இருந்தது மதி. தண்ணீர் மாடியெல்லாம் வழிந்து, கொம்பையா தூக்கத்திலிருந்து எழுந்து கத்திய பிறகுதான் நிறுத்தினார்.

நீ ஆனியில் கிளம்பியதிலிருந்து இந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் அப்பா காபிகூடக் குடிக்காமல் நேராகப் பின்பக்கக் குழாய்க்குப் போவார். கியர் செக்‌ஷனில் கிரீஸ் கறை போக ஆரஞ்சு நிறத்தில் நறநறவென்று ஒரு பேஸ்ட் கொடுக்கிறார்களே, அதில் ஒரு டப்பா வீட்டிலும் வைத்திருக்கிறார். கம்பெனியில் அதைப் போட்டு ஒரு தரம் கழுவியிருப்பார், இங்கே மறுபடியும் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ப்பார். எதற்கு இவ்வளவு என்று கேட்டால், “அது உடம்ப நக்கிக்கினே கீதுல்ல, என் கையில கீற கிரீஸ் அது வயித்துக்குள்ள போவக்கூடாது” என்பார். பிறகு ஒரு மாப்பிள்ளை போல வந்து உட்கார்ந்து “வாடி சுக்கு, வா கண்ணு” என்று கையை நீட்டுவார். அந்தப் பெண் கழுத்தை நீட்டி ஒரு மோப்பம் பிடித்துவிட்டு வாலைச் சுழற்றிக்கொண்டு போய்விடுவாள். நீ கூப்பிடுவதைப் பார்த்து நானும் அவள் என்று எழுதுகிறேன் பார். என்னிடம் மட்டும் காலைச் சுற்றிச் சுற்றி வரும். “உங்கிட்ட மீனு கீது, எங்கிட்ட இன்னா கீது” என்று சிரிப்பார். சிரிப்பு வாயில்தான் இருக்கும். நீயும் ஊரில் இல்லை, நீ வளர்த்த பூனையும் கிட்டே வரமாட்டேன் என்கிறது என்றால் அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும். அந்தப் பூனையை நாலு சாத்து சாத்தலாமா என்றுகூட எனக்கு இருக்கும்.

கொம்பையாவிடம் புலம்பினேன். அவன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பான். “யக்கா, பூனைக்குத் தடவுனா பிடிக்கும்னு யாரு சொன்னா? சோறு போடுத ஆளாச்சேன்னு அது சும்மா இருக்கு, அம்புட்டுதான்” என்றான். நீயும் அதைத்தானே சொன்னாய். இரண்டு பேரும் சொன்னதால் எனக்கும் அப்படித்தான் இருக்கும் போல என்று ஆகிவிட்டது.

கார்த்திகைக் கடைசியில் அப்பா கம்பெனியில் ஷட் டவுன் விட்டார்கள், வருஷா வருஷம் லைனை நிறுத்தி மெஷினுக்கெல்லாம் சர்வீஸ் செய்வார்களே அதுதான். அப்பா வீட்டிலேயே இருந்தார். ஒரு மத்தியானம் கட்டிலில் படுத்து டிவி பார்த்தபடி கண்ணயர்ந்துவிட்டார், கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று “சசி, சசி” என்று திருடனைக் கண்டவர் மாதிரி மெதுவாகக் கூப்பிட்டார். கரண்டியோடு ஓடிப் பார்த்தால், சுக்கு தன் கன்னத்தை அவர் விரலில் வைத்து இழைத்துக்கொண்டிருக்கிறது! அவர் மூச்சுகூட விடாமல் கிடக்கிறார், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. ஷட் டவுன் முடிகிற வரைக்கும் வீட்டில் திருவிழாதான். காலையில் பேப்பர் படித்தாலும் மடியில் அது, சாப்பிட உட்கார்ந்தாலும் பக்கத்தில் அது.

திரும்ப வேலைக்குப் போன அன்று என்ன செய்தார் தெரியுமா, சுக்கு ஒட்டிக்கொண்ட சந்தோஷத்தில் வழக்கத்தைவிட நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து கையை நீட்டினார். சுக்கு மோந்து பார்த்தது, முகத்தைச் சுளித்தது, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. “நேத்து வரைக்கும் பிரியமா இருந்துச்சே, இன்னிக்கு நான் இன்னா பண்ணேன் அதுக்கு?” என்று என்னைக் கேட்டார். அன்று இரவு சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

மறுநாள் நான் கமலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். மீன் நறுக்கப் போகிறேன் என்று நினைத்து ஓடிவந்த சுக்கு என் கையை மோந்ததும் அதே மாதிரி கழுத்தை இழுத்து, அதே மாதிரி முகத்தைச் சுளித்து, அதே கட்டிலுக்கு அடியில் ஓடியது. என்னிடமிருந்து அது ஓடியதே இல்லை. தோலும் கையுமாகக் குழாயடிக்குப் போய் அந்த பேஸ்ட் டப்பாவைத் திறந்து மோந்தேன். இரண்டும் ஒரே வாசனை! அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன், சிரித்து முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. இவர் அதற்காகவே தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார், அது அந்தக் கழுவலைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறது. அவரிடம் சொன்னால் நம்பவில்லை. “நல்ல வாசனைதானே அது, செக்‌ஷன்ல எல்லாரும் அதான் போடுறோம்” என்றார். மனுஷனுக்கு நல்ல வாசனை, பூனையிடம் யார் கேட்டது என்றேன்.

இப்போது தேங்காய் எண்ணெய் தடவி மரத்தூள் போட்டுத் துடைத்துவிட்டு, சீயக்காயில் கழுவுகிறார். வாசனை போக இரண்டு மூன்று நாள் ஆனது, அதற்கப்புறம் சுக்கு தானே வந்தது. நீயும் கொம்பையாவும் சொன்னதை நான் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாத் தடவலும் அதற்குப் பிடிக்காது என்பது சரிதான். அப்பா முதலில் பைக் டேங்க்கைத் துடைப்பது போல முதுகிலிருந்து வால் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுப்பார், அதற்கு வால் துடிக்கும், அப்போதே விட்டுவிட வேண்டும். வயிற்றைத் தொட்டால் நகத்தால் ஒரு கீறல் நிச்சயம். ஆனால் தாடைக்குக் கீழேயும் காதோரத்திலும் மெதுவாகச் சொறிந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாவு மெஷின் மாதிரி உறுமும். நான் வேண்டுமென்றே அப்பாவைக் கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். அது கண்ணைத் திறந்து, அவர் கையைத் தலையால் முட்டி முட்டி இழுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டது. பொறுத்துக்கொண்டு கிடக்கிற ஜீவன் போன கையைக் கூப்பிடுமா, நீயே சொல். கொம்பையாவைக் கீழே கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, “எங்க ஊருப் பூனை இப்படி இல்லக்கா” என்று போய்விட்டான், தோற்றேன் என்று வாயால் சொல்ல மாட்டான்.

சீயக்காய்க்குக் கிரீஸ் முழுசாகப் போவதில்லை மதி. அப்பா எவ்வளவு சுத்தக்காரர் என்று உனக்குத் தெரியும், போன வாரம் வாலாஜாபாத்தில் கல்யாணத்துக்கு நகக்கண் எல்லாம் கறுப்பாக வந்தார், மொய் எழுதும்போது கையை மடக்கிக்கொண்டார். ஒரு நாளைக்கு அந்த பேஸ்ட்டைப் போட்டால்தான் என்ன என்றேன். வீட்டுக்குப் போனால் அது காத்துக்கொண்டிருக்குமே என்றார்.

இதெல்லாம் உனக்குப் போனில் அவர் சொல்லியிருக்க மாட்டார், என்னையும் சொல்ல விடவில்லை. நேற்று தாம்பரம் போய் மூடி போட்ட ஒரு பெரிய பிரம்புக் கூடை வாங்கி வந்திருக்கிறார், ரயிலில் அதற்குக் காற்று வர வேண்டுமாம். மூடியில் ஒரு பிரம்பு கூராக நீட்டிக்கொண்டிருந்ததாம், மூக்கில் குத்திவிடும் என்று இன்று காலை முழுக்க உப்புத்தாள் வைத்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுக்கு அவர் தொடையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

உன் பூனை, முடிவு உன்னுடையதுதான். அங்கே நீ தனியாக இருப்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை, உனக்கும் ஒரு துணை வேண்டும்தான், அதைப் பொங்கலுக்கு வந்ததும் உட்கார்ந்து பேசுவோம். நம் குலதெய்வம் உனக்குத் துணையிருக்கட்டும், நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் போடு, முறுக்கில் சுகப்பிரியாவுக்கும் கொடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: பூனையைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்காதே. கேட்டால் இட்டுக்கினு போம்மா என்றுதான் சொல்வார். என்னிடம் கேள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா,
சசிகலா சுப்பிரமணி.