கையை எடுத்தால் போய்விடும் ஆன்டெனா

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

அங்கே எல்லோரும் சுகம்தானே? அத்தையின் முட்டிவலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

இங்கே லேபில் ஒரு வேடிக்கை நடந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு செப்புத் தகடு, அதில் குட்டிக் குட்டி சுவிட்சுகள், தட்டினால் அலைவரிசை மாறும் என்று சொல்வேனே, அந்த ஆன்டெனா நாலு மாதமாகச் சொன்னபடி கேட்டது. ஒயர் ஆடுகிறதே என்று நான் அதைக் கையால் பிடித்துக்கொண்டே அளந்து வந்தேன். நேற்று பேராசிரியர் முன்னால் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தேன். அலைவரிசை எங்கோ ஓடிவிட்டது. கை வைத்தால் வருகிறது, எடுத்தால் போய்விடுகிறது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

“நாலு மாசமா நீ அளந்தது ஆன்டெனாவ இல்லம்மா, உன் உள்ளங்கைய” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன்.

மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் இந்த ஆராய்ச்சியில் என் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. லீவுக்கு அம்மா வருவாள் என்று பாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு சின்ன வேலை. பாப்பாவின் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். கையுறை வாங்க அளவு வேண்டும், அவ்வளவுதான்.

லேபில் கூப்பிடுகிறார்கள். அப்படியே உங்கள் கையையும் அதே தாளில் வரைந்துவிடுங்கள். உங்களுக்குக் கையுறை வாங்கப்போவதில்லை.