நெற்றித் தழும்பு

அண்ணாவுக்கு,

உன் கோபம் உன்னோடு இருக்கட்டும். வேலை விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

கதிர்வீச்சு சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க அப்பாவுக்கு ஒரு முகமூடி வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதைச் செய்வது நான்தான். முகத்தை ஸ்கேன் செய்ததில் அதன் மேடுபள்ளங்களைக் குறிக்கும் இரண்டு லட்சம் புள்ளிகள் வந்தன. கணினி திணறியதால் மூவாயிரமாகக் குறைத்து உருவம் செய்தேன். மூக்கும் தாடையும் அச்சு அசல் அப்பாதான்.

திரையில் அதைப் பார்த்த அப்பா, "நெத்தித் தழும்பு எங்கம்மா?" என்றார். நீ எறிந்த டம்ளர் பட்ட இடம்.

"புள்ளியக் குறைச்சா சின்னதெல்லாம் போயிடும்ப்பா" என்றேன்.

"அத வச்சிடு. அவன் விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்."

நெற்றியில் மட்டும் குறைக்காமல் மறுபடி செய்தேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாட்டுகிறோம். வாசலில் அவருடைய மகன் என்று சொன்னால் போதும், உள்ளே விடுவார்கள்.

உன் தங்கை