நான் சாப்பிடாத லேகியம்

அன்புள்ள அபிதாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பா நலம். நொய்டா குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் நலம் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், மீதியைச் சொல்ல முடியாது.

என் முகம் வீங்கி, தொட்ட இடமெல்லாம் தோல் கன்றிப்போனதை வீடியோவில் நீயே பார்த்தாய். மாலா அத்தை, "மதினி, எந்தக் கடையில அரிசி வாங்குதீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று சிரித்தாள். இங்குள்ள டாக்டர், மூட்டுவலிக்கு லேகியம் சாப்பிடுகிறீர்களா, அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பார்கள் என்றார். இல்லை என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து சமையலறை டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார். ஒன்றும் அகப்படாமல், கரிவலம்வந்தநல்லூருக்குப் பைக்கில் போய் நாட்டு வைத்தியர் வேல்சாமியிடம் சண்டை போட்டிருக்கிறார். அவர், "உம்ம வீட்டம்மாவ நான் கண்ணால பாத்ததே இல்ல வே, யார்கிட்ட வந்து என்ன பேசுதீரு" என்று விரட்டிவிட்டாராம். நீயும்கூட, உண்மையைச் சொல்லும்மா என்று கேட்டாய்.

பிறகு திருநெல்வேலியில் டாக்டர் ஷமீரா ரத்தத்தைப் பார்த்துவிட்டு, மூளைக்கு அடியில் அளவாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் வேறெங்கிருந்தோ ஏராளமாக வருகிறது, மருந்தால் வந்த வீக்கமென்றால் அந்த ஹார்மோன் குறைந்திருக்க வேண்டும் என்றார். லேப்பில் மாற்றி எழுதியிருப்பார்கள் என்றார் அப்பா. ஸ்கேனில் நுரையீரல் ஓரத்தில் பட்டாணி அளவு கட்டி ஒன்று தெரிந்தது. ஊசியில் எடுத்த துணுக்கை வைத்து சாதாரண மைக்ராஸ்கோப்பில் எதுவும் தீர்மானிக்க முடியாமல், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கும் ஊருக்கு அனுப்பினார்கள். நேற்று அந்தப் படத்தைக் காட்டினார்கள். செல்லுக்குள் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். "ஹார்மோன இதுக்குள்ளதான் அடைச்சு வச்சிருக்கு சார். அக்கா எதையும் சாப்பிடல, கட்டிதான் தயாரிச்சிருக்கு" என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். யாருடைய உடம்பையோ பார்ப்பதுபோல நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப வேல்சாமிட்ட மன்னிப்புக் கேட்டுறணும்" என்றார். இன்று காலையில் போய்க் கேட்டும் வந்துவிட்டார். என்னிடம், டீ குடிக்கியா என்று கேட்டார். குடித்தேன்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி ஆபரேஷன். முழுதாக எடுத்துவிட்டால் முகம் மெல்லப் பழையபடி ஆகும் என்கிறார்கள். கட்டி சிறியதுதான், நெஞ்சைத் திறப்பது சிறிய காரியமில்லை. எனக்குப் பயமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள். நீ நம்பாதே. லீவு போட்டுவிட்டு வா.

கோமதி அம்மன் உனக்குத் துணையிருப்பாள். ரயிலில் ஜன்னலோரம் தூங்கும்போது காதைக் கட்டிக்கொள்.

உன் அம்மா,
ஜெயசித்ரா
சங்கரன்கோவில்