ஒரே துண்டாக வந்த அப்பா

2024 ஜூலை 3, புதன்

இந்த நோட்டின் மீதும் என் விசிலின் மீதும் ஆணை: இன்று நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனே திரண்டு வந்து நம்பாது. இருபத்தெட்டு வருடம் பி.டி. மாஸ்டராக நின்று பெங்களூரின் பாதி முதுகெலும்பை நிமிர்த்திய கிளெமென்ட் ஆகிய நானே சொன்னாலும் நம்பாது.

அண்ணன் பெர்னார்ட் திங்கட்கிழமை போய்விட்டான். மாரடைப்பு. இன்று மாலை அடக்கம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. குடும்பக் குழியைத் திறந்து, முன்பு போனவரின் எலும்புகளைத் துணிப்பையில் கட்டி, புதுப் பெட்டியோடு சேர்த்து வைப்பதுதான் வழக்கம். முன்பு போனவர் எங்கள் அப்பா. முப்பத்தோரு வருடம் ஆகிறது. குழி திறக்கும்போது குடும்பத்தில் ஓர் ஆண் பக்கத்தில் நிற்கவேண்டும். மிச்சம் இருப்பது நான்.

காலை ஏழு மணிக்குக் குழி வெட்டும் முனிராஜ் உள்ளே இறங்கினார். கை, கால், மண்டை என்று ஒவ்வொன்றாக மேலே வந்தது. பிறகு சத்தமே இல்லை.

"சார், இதப் பாருங்க."

இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார். அப்பாவின் முதுகெலும்பு. நூல் அறுந்த மணிமாலை மாதிரி அது உதிர்ந்திருக்கவேண்டும். உதிரவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே கட்டை, வில்லாக வளைந்து, விலா எலும்புகளும் ஒட்டினபடி. மண் மட்டும் உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தது.

"நாப்பது வருசமா தோண்டறேன் சார். இப்படி ஒண்ண பாத்ததில்ல. மூங்கிலு மாதிரி இருக்கு."

உயிரோடு இருந்தபோதும் அப்பா இதே வளைவில்தான் நடந்தார். பூமியோடு ரகசியம் பேசுகிறார் என்று நானும் பெர்னார்டும் சிரிப்போம்.

"பை சின்னது சார். ஒடைச்சாதான் போகும்."

நான் திரும்பி நின்றுகொண்டேன். "ஒடைங்க."

டக்.

அடக்கம் ஐந்து மணிக்கு முடிந்தது. அந்தச் சத்தம் இன்னும் முடியவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

ஏழாம் நாள் பூசை. பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். பெர்னார்டின் ஒரே மகள் டீனா, இருபத்துநாலு வயசு, ஒரு வாரமாகப் பேச்சே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன்: குழியில் அப்பா எழுந்து உட்கார்ந்தார், எனக்கு சல்யூட் அடித்தார், "பெர்னார்ட் எத்தனை மணிக்கு வரான்?" என்று கேட்டார், முனிராஜ் மண்வெட்டியோடு ஆஸ்டின் டவுன்வரை ஓடினார்.

டீனா சிரித்துவிட்டாள். சிரித்தபடி என் பக்கம் திரும்பினாள். கழுத்தைத் திருப்பவில்லை, பீரோவை நகர்த்துவதுபோல் மொத்த உடம்போடு திரும்பினாள். "ஏய் கேள்விக்குறி, நிமிந்து உக்காரு" என்றேன், தொழில் பழக்கத்தில்.

குளோரியா அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஜூலை 12

விடிகாலை நாலு மணி. நாங்கள் மூவரும் படுப்பது கீழே. மாடியில் யாரோ நடக்கிறார்கள்.

ஜூலை 13

மறுபடியும். குதிகால் தேய்கிற நடை. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அப்பா இருபது வருடம் நாலு மணிக்கு அதே ஹாலில் அப்படித்தான் நடந்தார். ஜெபமாலை சொல்கிறார் என்று நினைத்திருந்தோம்.

உடைத்த முதுகோடு எப்படி நடக்கிறார்?

ஜூலை 16, செவ்வாய்

நாலு நாள் தூக்கமில்லை. பள்ளிக்கு லீவ் சொல்லிவிட்டு முனிராஜைத் தேடிப் போனேன்.

"குழிய மறுபடி தொறக்க முடியுமா?"

"எதுக்கு சார்?"

"அப்பாவ ஒடைச்சதுக்கு மன்னிப்புக் கேக்கணும்."

மண்வெட்டியைக் கீழே வைத்தார். "நான் எங்க சார் ஒடைச்சேன்? பழைய பெட்டிப் பலகை கெடந்துச்சு, அதத்தான் ஒடைச்சேன். மனசு வரல. அவர முழுசாவே, பெட்டிக்கு அடியில படுக்க வெச்சிட்டேன்."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க திரும்பியே பாக்கலையே."

வீட்டுக்கு வருகிறவரை நிம்மதி. கேட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது. அப்பாவுக்குக் கோபமில்லை. அப்படியானால் மாடியில் நடப்பது யார்?

ஜூலை 17

விடிகாலை மணி நாலு ஐந்து. கழுத்தில் விசில், கையில் மெழுகுவர்த்தி. அஞ்சா நெஞ்சனாக மாடி ஏறினேன்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓர் உருவம். ஒரு கை சுவரில். வில்லாக வளைந்த முதுகு.

"அப்பா" என்றேன்.

அது மொத்த உடம்போடு திரும்பியது.

"சித்தப்பா, நான்தான். டீனா."

"என்னடி பண்றே இந்த நேரத்துல?"

"படுத்தா வலிக்குது. நடந்தா சரியாயிடுது."

மெழுகுவர்த்தி கையிலிருந்து விழுந்தது. எனக்கு எட்டு வயசிருக்கும்போது, இதே ஹாலில், அம்மாவிடம் அப்பா சொன்ன வார்த்தைகள். ஓர் எழுத்து மாறவில்லை.

ஒன்றரை வருடமாக வலியாம். ஆபீஸ் நாற்காலியால் வருவது என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். காலையில் கட்டிலைவிட்டு எழவே முக்கால் மணி நேரம்.

இவளும் அப்படியே ஒரே கட்டையாகிவிடுவாளா? நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கேள்விக்குறி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18

அண்ணியிடம் சொன்னேன். குழியில் பார்த்தது, டீனாவின் நடை, எல்லாம். நல்ல எலும்பு டாக்டரிடம் உடனே காட்டவேண்டும், தாத்தாவுக்கு இருந்ததையும் சொல்லவேண்டும் என்றேன்.

"அன்னிக்கு மாமா சல்யூட் அடிச்சார்னீங்க. இன்னிக்கு முதுகெலும்பு மூங்கிலாயிடுச்சா? அப்பன பறிகொடுத்துட்டு நிக்கறா. அவள வெச்சும் ஒரு கதையா, கிளெமென்ட்?"

ஐம்பத்துநாலு வருடப் பொய்கள் வரிசையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தன. டிரில் கிளாஸ் மாதிரி, ஒழுங்காக.

ஜூலை 20, சனி

முனிராஜைக் கூட்டிவந்தேன். குழி வெட்டுகிறவர் வாசலில் நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு பிரிஸில்லா சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே வந்தவர் உட்காரவில்லை. ஆணியில் தொங்கிய குடையை எடுத்து இரண்டு உள்ளங்கைகளிலும் கிடத்தினார்.

"இப்படித்தாம்மா வந்துச்சு. ஒரே கட்டை. நானே பயந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "சல்யூட்லாம் அடிக்கல."

அண்ணி அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீனாவின் கை மெல்லத் தன் முதுகுக்குப் போனது.

ஜூலை 29, திங்கள்

எலும்பு டாக்டர் ரக்ஷிதா. டீனாவைவிட நாலைந்து வயசுதான் பெரியவள். "குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?" அண்ணி என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சோடனை இல்லாமல் நாலு வாக்கியம் பேசினேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். பேரே சென்னை மெயில் ரயில் நீளம். முதுகும் இடுப்பும் சேரும் மூட்டில் அழற்சி. விட்டுவிட்டால் எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டே போகுமாம். டீனாவுக்கு இன்னும் ஒட்டவில்லை.

"இப்பவே வந்தது நல்லது. ஊசி, மருந்து இருக்கு. ஆனா தினமும் உடற்பயிற்சி விடவே கூடாது. வீட்டுல சொல்லிக் குடுக்க ஆள் இருக்கா?"

மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. அப்பாவும் பெர்னார்டும் படுத்திருக்கும் இடத்தில் டீனா குனிந்து, மண்ணில் மெழுகுவர்த்தியை நட்டாள். ஜூலையில் முழங்காலைத் தொட முடியாதவள்.

"சித்தப்பா, தாத்தா நிஜமா சல்யூட் அடிச்சாரா?"

"ரெண்டு தடவ. உன்ன விசாரிச்சார்."

அடுத்த கல்லறையில் பூ அடுக்கிக்கொண்டிருந்த முனிராஜ் இருமினார்.

மாடியில் இப்போது நாலு மணிக்கு யாரும் நடப்பதில்லை. ஆனாலும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. படுத்தபடி காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த நோட்டிலாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பெங்களூரின் பாதி முதுகெலும்பு, பொய். சல்யூட், பொய். அஞ்சா நெஞ்சனாக மாடி ஏறினேன் என்பது மகா பொய், தவழ்ந்துதான் ஏறினேன். சின்னதாக ஒன்று மட்டும் நிஜம். அப்பா உடையாமல் வந்தார்.