சினை மீனிடம் பேசிய குரல்

பிரிக்பீல்ட்ஸ், 1934

கிள்ளானில் இருப்பவருக்கு,

மீன்கள் முட்டையிடும் மாதங்களில் ஆற்றுமுகத்தில் யாரும் மீன் பிடிக்கக் கூடாதென்று தூண்டில்காரர்களாகிய நீங்கள் கேட்பது நியாயம்தான். சினை மீனையும் விடாமல் பிடித்ததால்தான் கொடுவா மீன் அருகிப்போனது. அதை மீன்துறை அதிகாரியிடம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல என்னை அழைத்திருக்கிறீர்கள்.

சென்ற ஞாயிறு நான் வந்திருந்தபோது உங்கள் தூண்டிலில் ஒரு சினைக் கொடுவா சிக்கியது. இரு கைகளாலும் ஏந்தி, "போம்மா, பத்திரமா போ" என்று தண்ணீரில் விட்டீர்கள்.

"பாத்தீங்களா அண்ணி, வீட்டுல அண்ணனுக்கு இந்தக் கொரலு வருமா?" என்றார் உங்கள் நண்பர் கிஃபாயத்துல்லா. எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாம் முறையும் நான் வெறுங்கையோடு திரும்பிய அன்று, ரிக்‌ஷாவில் நீங்கள் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். வாசலில் "இறங்கு" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஒரு மீன்மேல் பொறாமைப்படவா கல்லூரியில் படித்தாய் என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். பொறாமை போகவில்லை.

வியாழன் காலை ரயிலில் வருகிறேன். வயிற்றில் இருப்பதை ஏன் காப்பாற்ற வேண்டுமென்று அதிகாரிக்கு நன்றாகவே சொல்வேன். பேசி முடித்ததும் திரும்பிவிடுவேன். ஆற்றுப் பக்கம் என்னைக் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி