தேங்காய் பன் மேல் நான் போட்ட பழி

மாஸ்டரே, பாப்பாவுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சொன்னபடியே இப்போது உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. இன்று காலை உடுமலையில் உங்கள் பேக்கரியைக் கடந்தபோது தேங்காய் பன் வேகும் வாசனை வந்தது. அடுப்பருகே யாரோ புது ஆள். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

என் தங்கை மகள் பாப்பா பள்ளி விட்டு வரும்போதெல்லாம் சூடாக ஒரு பன்னை நீட்டுவீர்கள்.

"இந்தா கண்ணு, ஊட்டுக்குப் போறதுக்குள்ள தின்னுபோடு."

"மாமனுக்கு இல்லீங்களா?" என்று நான் கேட்டால், "உங்களுக்குப் பேசுனாலே வயிறு ரொம்பிருமுங்க" என்பீர்கள்.

அப்புறம்தான் அவளுக்கு அந்தத் தடிப்பு தொடங்கியது. கையில் அடங்கினால் தொடையில் கிளம்பும். சில நாள் கண் இமையே வீங்கிவிடும். இரண்டு மாதம் சொறிந்து சொறிந்து அழுதாள். எல்லாரும் என்னிடம் காரணம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். உங்கள் கடையில் பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்:

"மாஸ்டரே, உங்க பன்னுதானுங்க. தின்ன கையோட தடிச்சத என் கண்ணால பாத்தேன்."

"அப்படீங்களா" என்றீர்கள். மறுநாளிலிருந்து பாப்பாவைக் கண்டால் உள்ளே போய்விடுவீர்கள். "மாஸ்டர் தாத்தாவுக்கு எம்மேல கோவமா மாமா?" என்று அவள் கேட்டாள்.

பிறகு கோவையில் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனோம். அவருக்கே பாதி வைத்தியம் நான்தான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இத்தனை வாரமா தொடர்ந்து வர்ற தடிப்புக்குப் பெரும்பாலும் சாப்பாடு காரணமில்லீங்க. பல குழந்தைகளுக்குக் காரணமே தெரியாது. அதிகம் தூக்கம் வராத ஆன்டிஹிஸ்டமின் சிரப் தர்றேன். தடிப்பு இல்லாத நாள்லயும் விடாம குடுங்க, நான் சொன்னப்புறம் நிறுத்துங்க. பன்னு தாராளமா தின்னட்டும்."

ஆன்டிஹிஸ்டமின் என்று உடுமலையிலேயே திக்காமல் சொல்லும் ஆள் நான் ஒருவன்தான். ஊரெல்லாம் சொன்னேன். பன்னைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. பத்துப் பேர் முன்னால் சொன்னதைப் பத்துப் பேர் முன்னால்தானே திருப்பி எடுக்க வேண்டும்? மருந்தை நிறுத்தும் நாளில் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று தள்ளிப்போட்டேன். தை பிறந்ததும் டாக்டரம்மா நிறுத்தச் சொன்னார். நீங்கள் மார்கழியிலேயே போய்விட்டீர்கள்.

துக்கம் கேட்க வந்தபோது உங்கள் வீட்டுக்காரம்மா சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு எங்கையாலயே வெஷத்தக் குடுத்துப்போட்டனேன்னு கடேசி வரைக்கும் பொலம்புனாருங்க."

மாஸ்டரே, அன்றைக்குப் பாப்பா பன் தின்றபோது நான் உடுமலையிலேயே இல்லை. கோவை காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணால் எதையும் பார்க்கவில்லை.