தனி மைக்

மார்ச் 3

அன்புள்ள கண்ணாடிக்கடைத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடையும் வீடும் நம் பாட்டுச் சங்கமும் எப்படி இருக்கின்றன என்று போனிலேயே கேட்டிருப்பேன். போனைக் காதில் வைத்தால் மிஷின் கீச்சென்று கத்துகிறது. ஆமாம் தம்பி, காது மிஷின் வந்துவிட்டது!

மகள் வீட்டுக்கு வந்த இந்த இரண்டு மாதத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான். குழாய் சொட்டுவது கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தும்முவது கேட்கிறது. நான் மெல்லுவது எனக்கே கேட்கிறது, அது அவ்வளவு நன்றாக இல்லை. மாப்பிள்ளையின் அம்மா இத்தனை நாள் என்னிடம் கத்திக் கத்தியே பேசிப் பழகிவிட்டார். "இப்ப கேக்குதுங்க, மெதுவாப் பேசுங்க" என்றால், "இவ்வளவு நாள் கத்தின தொண்டைக்கு யாரு பதில் சொல்றது?" என்று சண்டைக்கு வருகிறார். வாயாடி. ஆனால் மனசில் ஒன்றுமில்லை.

பெட்டியைப் பிரித்தபோது என் பழைய கண்டக்டர் விசில் கிடைத்தது. மகள் அதைச் சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கடைசி டிரிப்பும், பின் சீட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டு வருவார்களே, அந்தச் சுமைக்காரர்களும் ஞாபகம் வருகிறார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டு நான் சங்கத்துக்குக் கொண்டுவந்த, பாரம் இழுக்கும்போது பாடுகிற இழுவைப்பாட்டு ரேடியோவரை போயிருக்கிறது, பார்!

அது ஒலிபரப்பான அன்று என் காது சுத்தமாக அடைத்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். இப்போது காது இருக்கிறது, பாட்டு இல்லை. அந்தப் பதிவை ஒரு காப்பி எடுத்து அனுப்பு. பதிவு செய்த அன்றைக்கு எனக்கு மட்டும் தனி அறை, தனி மைக் என்று ராஜ உபசாரம் செய்தாயே, அந்தக் குரலை நான் கேட்க வேண்டாமா?

உன் அண்ணன்,
கண்டக்டர்


மார்ச் 16

அன்புள்ள கண்டக்டர் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் சனிக்கிழமை சங்கத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மிஷின் வந்ததைக் கேட்டு டைப்பிஸ்ட் அம்மா அழுதே விட்டார்கள். நம் ஏலக்காரர், நீங்கள் மெல்லுவதைக் கேட்டு நீங்களே திடுக்கிடுவதை நடித்துக் காட்டினார். வழக்கம்போல வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அச்சகத்துக்காரர் நம் சங்கத்துக்கு ஏறும் மாடிப்படிக்குப் புதுக் கைப்பிடி போட்டுவிட்டார். நீங்கள் இருந்தபோது போடாமல் இப்போது போடுகிறாரே என்று எனக்குக் கோபம். பின்வரிசையில் உங்கள் இடத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் ஒரு தோள் குறைந்த மாதிரி இருக்கிறது.

பதிவு விஷயம். என்னிடம் இருந்த காப்பி ஏதோ கோளாறாகி ஓடமாட்டேன் என்கிறது. ஒலிப்பதிவு நிலையத்துக்காரர் ஊரில் இல்லை. வந்ததும் கேட்டு வாங்குகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் புதுக் காதால் கேட்க வேறு எவ்வளவோ இருக்கிறதே, அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
கண்ணாடிக்கடை


மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

ஒலிப்பதிவுக்காரர் இன்னுமா ஊருக்கு வரவில்லை? என்னப்பா, நிலாவுக்கா போயிருக்கிறார்? டைப்பிஸ்ட் அம்மாவிடம் ஒரு காப்பி இருக்குமே என்று எழுத நினைத்தேன். உன்னைத் தாண்டிப் போன மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

என் அவசரம் உனக்குப் புரியாது. இங்கே என் மானம் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. சம்பந்தி அம்மாவிடம் ரேடியோவில் பாடியவன் என்று கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன். "பாடினீங்களா, இல்ல வாசல்ல நின்னு டிக்கெட் கிழிச்சீங்களா?" என்கிறார். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்த மாதம் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை பெரிய ஸ்பீக்கர் வாங்கி வைத்திருக்கிறார்.

உனக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். கடையில் ஏ.சி. போட்டுக்கொண்டு கழுத்து வலி என்பாயே, அதற்கு.

காத்திருக்கிறேன். ஏமாற்றிவிடாதே.

உன் அண்ணன்,
கண்டக்டர்


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

சால்வை வந்தது. என்னால் அதைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. அதாவது, இப்போது இங்கே வெயில் அதிகம்.

பதிவு கிடைத்துவிட்டது. இத்துடன் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். ரேடியோவில் வந்ததில் குரல்களை ஒன்றாகக் கலந்திருந்தார்கள். இதில் உங்கள் குரல் கொஞ்சம் தூக்கலாகவே கேட்கும். சத்தத்தை ரொம்பக் கூட்ட வேண்டாம், மிஷினுக்கு ஆகாது. ஒரு தடவை கேட்டுவிட்டுப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். வாசலில் டிக்கெட் கிழித்தவர் இல்லை எங்கள் அண்ணன் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆகஸ்டில் சங்கத்தின் ஆண்டு விழா. நீங்கள் வராமல் நடக்காது.

என்றும் உங்கள் தம்பி,
கண்ணாடிக்கடை


ஏப்ரல் 22

தம்பி,

கேட்டோம்.

டைப்பிஸ்ட் அம்மா "கல்லு நகருது" என்று எடுத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்தது நாம். "ஏலேலோ" என்று எல்லோரும் ஒரு பக்கம் இழுக்க, ஒரே ஒரு குரல் மட்டும் தனியாகக் கீழே சரிந்து போகிறது. யாரடா இந்தப் பாவி, பாட்டைக் கெடுக்கிறான் என்று நினைத்தேன். பேத்தி, "தாத்தா, இது நீங்கதானே!" என்று துள்ளினாள்.

சம்பந்தி அம்மா மட்டும் நேராகக் கேட்டார்: "ஏன் சம்பந்தி, எல்லாரும் ஒரு பாட்டு பாடும்போது நீங்க வேற பாட்டா பாடுறீங்க?" மகள் அவரை முறைத்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. அவர் சொன்னது சரிதானே.

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மறுபடி போட்டுக் கேட்டேன். எத்தனை வருஷமாக நான் இப்படிப் பாடிக்கொண்டிருக்கிறேன்? எனக்குத்தான் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்குமே! இந்தக் குரலோடு எப்படி ரேடியோவுக்குத் தேர்வானோம்? என்னால் எத்தனை இடத்தில் உங்களுக்குத் தலைகுனிவோ? நீ எனக்குத் தனி அறையும் தனி மைக்கும் கொடுத்தாய். நானோ உங்கள் எல்லோருடைய உழைப்பிலும் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது தம்பி. டைப்பிஸ்ட் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

விழாவுக்கு வருகிறேன். கீழே உட்கார்ந்து கை தட்டுகிறேன். பாட மாட்டேன். குளிக்கும்போதுகூட இப்போது வாயைத் திறப்பதில்லை. என் இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திவிடு.

கண்டக்டர்


மே 1

அண்ணா,

நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பென் டிரைவில் இருப்பது உங்கள் குரல் இல்லை.

இதை எழுதவே எனக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது. கடையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் யாராவது கண் பரிசோதனைக்கு வருகிறார்கள். அப்பாடா என்று பேனாவை மூடிவிடுகிறேன். அப்படிப்பட்ட கோழை நான். மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஒத்திகை பார்த்த அன்றே ஒலிப்பதிவுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பெரியவர் குரல் சேரலைங்க. அவர் இல்லாம எடுத்தா ரேடியோக்காரங்க எடுத்துக்குவாங்க" என்றார். எனக்கு ரேடியோ ஆசை. சங்கத்தின் பெயர் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். என் பெயரும் வரும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை. உங்களிடம் வந்து, "அண்ணா, சுதி இறங்குது, காதைக் காட்டுங்க" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், "உங்க குரல் பெரிசு, மத்த குரலையெல்லாம் அமுக்கிடுது. உங்களுக்குத் தனி அறை, தனி மைக்" என்றேன்.

நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள்! உள்ளே போகும் முன் தலைவாரிக்கொண்டீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடி, இல்லாத கயிற்றைக் கையால் இழுத்து இழுத்துப் பாடினீர்கள். இந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் உங்கள் மைக்கின் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டார். ரேடியோவில் வந்த பாட்டில் நீங்கள் இல்லவே இல்லை, அண்ணா.

நம் சங்கச் சுவரில், பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்டால் நீங்கள் எழுதியது இன்னும் இருக்கிறது: "இங்கே யாரையும் பாடாதே என்று சொல்லக்கூடாது." நான் பாடாதே என்று சொல்லவில்லை. பாடச் சொல்லிவிட்டு, ஒருவர் காதிலும் விழாமல் செய்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன்.

நீங்கள் பதிவு கேட்டதும் ஓடினேன். உங்கள் குரல் இருந்ததை ஒலிப்பதிவுக்காரர் எப்போதோ அழித்துவிட்டார். அதனால் ஏலக்காரரிடம் போய், உங்கள் மாதிரி பாடிச் சேர்த்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "ஆளை எதிர்ல வெச்சுக்கிட்டுதான் நான் கிண்டல் பண்ணுவேன். முதுகுக்குப் பின்னால பண்ணமாட்டேன்" என்றார். விடாமல் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுச் சம்மதிக்க வைத்தேன். உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று, "அண்ணன் எங்க இறங்குவாரோ அங்க நீங்களும் இறங்குங்க" என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். நீங்கள் ராத்திரியில் உட்கார்ந்து கேட்டு வெட்கப்பட்டது அதைத்தான்.

திட்டுங்கள். விழாவுக்கு வந்து எல்லோர் முன்னாலும் திட்டுங்கள். பாடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதையும் என் தலையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தம்பி என்று போட்டுக்கொள்ளக் கூசுகிறது.

கண்ணாடிக்கடை


ஜூன் 5

அண்ணா,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் வரும் நேரத்தில் கடை வாசலில் நிற்கிறேன். சங்கத்தில் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். டைப்பிஸ்ட் அம்மா என்னோடு பேசுவதில்லை. ஒரு வரி, திட்டியாவது, எழுதுங்கள்.

கண்ணாடிக்கடை


ஜூலை 12

கண்ணாடிக்கடைக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு பென் டிரைவைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பேத்தி எடுத்து வைத்திருக்கிறாள்.

கடையில் உன்னைப் பார்த்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம், "உங்களுக்குப் பார்வை போயிடுச்சு, இனிமே கண்ணாடி இல்லாம ஆகாது" என்று பட்டென்று சொல்வாய். அழுதாலும் சொல்வாய். எனக்குச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லை. மைக்கை அடைத்தது கூடப் பெரிதில்லை. உன் தோளோடு தோள் ஒட்டி எத்தனை வருஷம் நின்றேன்! ஒவ்வொரு தடவை நான் இறங்கும்போதும் உனக்குத்தான் முதலில் கேட்டிருக்கும். ஒரு இடி இடித்திருந்தால் போதுமே, நிறுத்தியிருப்பேனே. அதுதான் எனக்கு ஆறவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு, நான் உண்மையிலேயே எப்படிப் பாடுகிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சம்பந்தி அம்மாவை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ப் பாடிக் காட்டினேன். "அந்தப் பென் டிரைவ் ஆளு மாதிரியேதான் இருக்கு" என்றார். பிறகு கீழே போய் ஆணியிலிருந்த விசிலை எடுத்து வந்தார். நான் கீழே சரிந்தால் ஒரு விசில். நிறுத்துகிறேன், மறுபடி பிடிக்கிறேன். சரியாக இருந்தால் இரண்டு விசில். போகலாம். முதல் வாரம் முழுக்க ஒற்றை விசில்தான், வண்டி ஸ்டாப்பை விட்டே நகரவில்லை. கீழ் வீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆச்சு என்று ஏறி வந்துவிட்டார். இப்போது பாட்டில் "கட்டை நகருது" என்ற அடி வரைக்கும் நிற்காமல் போகிறோம்.

ஆண்டு விழாவுக்கு வருகிறேன். பாடுகிறேன். தனி மைக் வேண்டாம், எல்லோருக்கும் எதுவோ அதுவே போதும். ஏலக்காரரிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல். என்னை முன்னால் வைத்துக்கொண்டு ஒருதரம் அதை நடித்துக் காட்டச் சொல்.

பின்வரிசையில் என் இடம் எனக்கு வேண்டும். பக்கத்து இடத்தையும் காலி செய்து வை. அங்கே சம்பந்தி அம்மா நிற்பார், கையில் விசிலோடு.

நீ அந்தக் கோடியில் நில். பாடாமல் சும்மா வாயசைக்காதே. அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்கு இப்போது கேட்கும்.

கண்டக்டர்